ஏலத்துக்கு முன்பே வரும் அறிவிப்பு

அடமானக் கடன் தொடர்பான பத்திரங்களைப் பார்த்துச் சட்டக் கருத்துரை எழுதும் வழக்கறிஞர் என்ற முறையில் ஒன்றைக் கவனித்து வருகிறேன்: முதலீட்டுக்குச் சொத்துத் தேடுவோர் தரகருக்கும் கட்டண இணையதளங்களுக்கும் செலவழிக்கத் தயங்குவதில்லை, ஆனால் அடமானச் சொத்தைத் தன் வசம் எடுத்ததாக வங்கி நாளிதழில் வெளியிடும் சுவாதீன அறிவிப்பைப் படிப்பதே இல்லை.

அடமானச் சொத்தை விற்று வங்கி கடனை மீட்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, தவணை தவறிய கடன்தாரருக்கு வங்கி 60 நாள் கெடு கொடுக்கிறது. அதன் பிறகும் பணம் வராவிட்டால் சொத்தைச் சுவாதீனம் எடுத்து, 7 நாட்களுக்குள் இரண்டு நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். அவற்றில் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும். ஏல அறிவிப்பு வெளியாகும் வரை நிலுவையைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை கடன்தாரருக்கு உண்டு. சுவாதீன அறிவிப்புக்கும் ஏல அறிவிப்புக்கும் இடைப்பட்ட காலத்தில், வங்கியின் எழுத்துமூல ஒப்புதலுடன் அவரே சொத்தை விற்கலாம். வாங்குபவர் நிலுவையை நேரே கடன் கணக்கில் செலுத்தி, மூலப் பத்திரங்களை வங்கியிடமிருந்து பெற ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஏலப் போட்டி இல்லை. நிலுவை போக மீதி கடன்தாரருக்கே சேர்வதால் அவருக்கும் இழப்புக் குறைவு. எனினும் நொந்திருக்கும் குடும்பத்தின் வீட்டுக் கதவை நேரே தட்டாமல், கடிதம் எழுதியோ வங்கிக் கிளை வழியாகவோ அணுகுவதே நாகரிகம் என்பது என் கருத்து.

அறிவிப்பிலுள்ள சர்வே எண்ணைக் கொண்டு, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தையும் வருவாய்த்துறை தளத்தில் பட்டாவையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நான்கெல்லையை நேரில் சென்று ஒப்பிட்டு, குடியிருப்பது யார் என்று விசாரித்துவிட வேண்டும். கடன் மீட்புத் தீர்ப்பாயத்திலோ உரிமையியல் நீதிமன்றத்திலோ வழக்கு இருந்தால் அது வில்லங்கச் சான்றில் தெரியாமல் போகலாம் என்பதால், அதைத் தனியே கேட்டறிய வேண்டும்.

ஏலம் வரை போய்விட்ட சொத்தில், கேட்பாரின்றி முதல் ஏலம் தோற்றதே கவனிக்கத் தக்கது. அடுத்த முறை ரிசர்வ் விலை, அதாவது ஏலத்தின் குறைந்தபட்ச விலை, பெரும்பாலும் குறையும். ஆனால் முதல் ஏலத்துக்கு 30 நாள் அவகாசம் தரும் விதி, மறு ஏலத்துக்கு 15 நாள் போதும் என்கிறது. ஆகவே முதல் அறிவிப்பைக் கத்தரித்து வைத்து அப்போதே ஆவணங்களைச் சரிபார்த்தவருக்கே மறு ஏலம் பயன்படும். அறிவிப்பில் குறியீட்டுச் சுவாதீனம் (குடியிருப்பவரை வெளியேற்றாமல் காகித அளவில் எடுத்தது) மட்டுமே என்றிருந்தால், உள்ளே இருப்பவரை வெளியேற்ற ஆகும் காலத்தையும் விலையில் கழித்துத்தான் கேட்க வேண்டும்.

ஏலம் முடிந்ததும், தாமதித்தால் மறு வேலை நாளுக்குள், ஏலத்தில் பங்கேற்க முன்பே கட்டிய முன்வைப்புத் தொகையும் சேர்த்து ஏல விலையில் 25 சதவீதம் கட்ட வேண்டும்; மீதி 75 சதவீதத்துக்கு விற்பனை உறுதியான நாளிலிருந்து 15 நாள்தான். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே அது 3 மாதம் வரை நீளும். வீட்டுக்கடனை நம்பி ஏலம் கேட்பவர், இந்த ஒப்புதல் கிடைக்குமா என்பதை ஏலத்துக்கு முன்பே வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலரிடம் விசாரித்துக்கொள்ள வேண்டும்; கெடு தவறினால் கட்டிய பணம் பறிமுதலாகும்.