லேசான சக்கரம் வாங்கும் முன்: அந்தக் கிராம் எங்கே குறைந்தது?

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி பின்சக்கரத்தை மட்டும் கையில் தூக்கிக்கொண்டு எங்கள் கோவைப் பட்டறைக்கு வந்தார். தோளில் கட்டு. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தபோது, பாதையின் குறுக்கே ஓடும் மழைநீர் வாய்க்காலின் கருங்கல் விளிம்பில் பின்சக்கரம் இடித்திருக்கிறது. டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. கார்பன் இழையில் செய்த ரிம்தான் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டு, ஓரம் பெயர்ந்து, காற்று மொத்தமும் ஒரே நொடியில் போய், ஆள் பாறைமேல் விழுந்துவிட்டார்.

ரிம்மைத் துடைத்துவிட்டு ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். அது மவுண்டன் பைக் ரிம்மே இல்லை, சரளைச் சாலையில் ஓட்டும் கிராவல் சைக்கிளுக்கான ரிம். "ரெண்டும் 622 தானுங்ணா, அளவு சரியாத்தானே இருந்துச்சு" என்றார். அளவு சரிதான். ரோடு சைக்கிளின் 700சி, கிராவல் சைக்கிளின் 700சி, மவுண்டன் பைக்கின் 29 இன்ச் மூன்றுக்கும் டயர் உட்காரும் விட்டம் ஒன்றுதான், 622 மில்லிமீட்டர். அதனால் 29 இன்ச் டயர் கிராவல் ரிம்மில் சுலபமாக ஏறி உட்கார்ந்துவிடும். கிராவல் ரிம்கள் எடையும் குறைவு, பட்டியலில் கிராமை மட்டும் பார்த்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். விற்றவர் பொய் சொல்லவில்லை, வாங்கியவர் படிக்கவில்லை. இந்த வருடம் இதே கதையோடு வந்த இரண்டாவது ஆள் இவர் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரிம்மிலோ அதோடு வரும் புத்தகத்திலோ ஏஎஸ்டிஎம் (அமெரிக்கத் தர அமைப்பு) வகை என்று ஓர் எண் இருக்கும். வகை 1 தார்ச்சாலைக்கு. வகை 2 மண்சாலைக்கும் சரளைக்கும், சக்கரம் தரையை விட்டு எழும்பினால் அதிகபட்சம் 15 சென்டிமீட்டர் உயரம்தான் கணக்கு. வகை 3 கரடுமுரடான பாதைக்கு, 61 சென்டிமீட்டர் வரை. கிராஸ் கன்ட்ரி, அதாவது மேடு பள்ளமான காட்டுப்பாதையில் மவுண்டன் பைக் ஓட்டுகிறவருக்கு வகை 3தான் தொடக்கம், அதற்குக் கீழே எவ்வளவு லேசாக இருந்தாலும் வேண்டாம். அதன் பக்கத்திலேயே எடை வரம்பும் போட்டிருக்கும். 110 கிலோ என்று இருந்தால் பெரும்பாலும் அது உங்கள் எடை மட்டும் இல்லை, சைக்கிள், தண்ணீர், முதுகுப்பை, ஹெல்மெட் எல்லாம் சேர்ந்தது. இந்த இரண்டு எண்ணும் எங்கேயும் எழுதப்படாத ரிம்மை, யார் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

2023 அக்டோபரில் பொன்முடியில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்தது. பக்கத்துக் கேரளாவில் நடந்ததால் இங்கிருந்து போய்ப் பார்த்தவர்கள் நிறைய. அதற்குப் பிறகு கிராஸ் கன்ட்ரி சைக்கிளைத் தானே பாகம் பாகமாக வாங்கிக் கோக்க வேண்டும் என்று வருகிற இளைஞர்கள் எங்களிடம் கூடியிருக்கிறார்கள், அது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்கும் முதல் கேள்வி "வீல்செட் எத்தனை கிராம்?" என்பதுதான். அந்தக் கிராம் எந்த இடத்தில் குறைந்தது, அதனால் எனக்கு என்ன லாபம், எது பலவீனமானது என்று கேட்பதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஒரு நடுத்தர 29 இன்ச் சைக்கிள் எங்கள் தராசில் ஏறியபோது இரண்டு சக்கரமும் சேர்ந்து 2,150 கிராம், கம்பி விளிம்பு வைத்த டயர் இரண்டும் 1,640, டியூப் இரண்டும் 420. ஆக 4,210 கிராம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதில் சக்கரத்தைத் தொடவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மடக்கும் வகை டயர் இரண்டு, ஒவ்வொன்றும் 680 கிராமில் போட்டு, டியூபை எடுத்துவிட்டு டியூப்லெஸ் ஆக்கி, சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்), டேப், வால்வு எல்லாவற்றுக்கும் 200 கிராம் சேர்த்தாலும் 3,710தான் வருகிறது. அரை கிலோ போய்விட்டது. டியூப் இல்லாததால் கல்லில் இடிக்கும்போது டியூப் நசுங்கிப் பஞ்சர் ஆகும் தொல்லையும் போயிற்று, காற்றையும் குறைத்து ஓட்டலாம். 70 கிலோ ஆளுக்கு 2.25 இன்ச் டயரில் 20, 22 பிஎஸ்ஐ போதும், பிடிப்பு கூடும், உடம்பு குலுங்காது.

இதைச் செய்யாமல் நேராகக் கார்பன் சக்கரத்துக்குக் காசு எடுத்து வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. முதல் காசு டயருக்குத்தான். உங்கள் ரிம் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றதா என்று மட்டும் முதலில் பாருங்கள், பழைய ரிம் சிலவற்றில் டயர் விளிம்பு பிடித்து உட்காராது.

அடுத்த படி, அலாய் ரிம்மில் நல்ல கையால் கோத்த சக்கரம். ரிம் ஒன்றுக்கு 430 கிராம், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் இரண்டும் சேர்த்து 430, நடுவில் மெலிந்த ஸ்போக் (ஆரக்கம்பி) 56க்கு 350, கம்பியை ரிம்மில் திருகிப் பிடிக்கும் பித்தளை நிப்பிளுக்கு 56. மொத்தம் 1,700க்குள் அடங்கும். பழைய சக்கரத்தைவிட 450 கிராம் குறைவு. இங்கேயிருந்து கார்பன் ரிம்முக்கும் இன்னும் மெலிந்த ஸ்போக்குக்கும் போனால் 1,440 வரும், குறைவது 260 கிராம். ஆனால் செலவு இரண்டு மடங்குக்கும் மேலே போகும். கார்பன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வளைவுகளில் அது வளையாமல் நிற்கும் உறுதி எனக்குப் பிடிக்கும். 950 கிராமைக் குறைத்த பிறகு மிச்சம் 260 கிராமுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது அவரவர் கையிருப்பு. தவணை போட்டு வாங்க வேண்டிய பொருள் இல்லை.

சக்கரத்தில் குறையும் ஒரு கிராம் மற்ற இடத்தில் குறையும் நாலு கிராமுக்கு, ஐந்து கிராமுக்குச் சமம் என்று சொல்லிச் சொல்லி விற்கிறார்கள். அது தவறு. ரிம்மின் வெளி விளிம்பில் இருக்கும் எடை முன்னோக்கியும் நகர்கிறது, சுற்றவும் செய்கிறது, அதனால் வேகம் எடுக்கும்போது மட்டும் இரண்டு மடங்காகக் கணக்காகும், அதற்கு மேல் இல்லை. ஹப்பில் இருக்கும் எடை நடுவிலேயே சுற்றுவதால் கிட்டத்தட்ட ஒரு மடங்குதான். ஒரே வேகத்தில் மேட்டில் ஏறும்போதோ எங்கே இருந்தாலும் ஒரு கிராம் ஒரு கிராம்தான். 75 கிலோ ஆள், 11 கிலோ சைக்கிள், சேர்த்து 86 கிலோ. அதில் அரை கிலோ குறைந்தால் நூற்றுக்கு 0.6 கூட இல்லை. ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது சுமார் 20 விநாடி. பந்தயத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று வேகம் எடுப்பவருக்கு அந்த 20 விநாடி பெரிய விஷயம், இரண்டு மடங்குக் கணக்கும் அவருக்குத்தான் உதவும். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு போகிறவருக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

இந்தக் கணக்கிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: எடையைக் குறைக்க வேண்டிய இடம் வெளி விளிம்பு, அதாவது டயரும் ரிம்மும். ஹப்பில் 80 கிராம் குறைக்கப் பணம் கொட்டுவது வீண். ஹப்பில் பார்க்க வேண்டியது பேரிங், தண்ணீர் புகாத மூடி, பெடலை மிதித்தவுடன் சக்கரத்தைப் பிடிக்கும் வேகம். ஹப்புக்குள் இருக்கும் பல்வளையத்தில் 36 பல் இருந்தால் 10 டிகிரி வரை சுற்றிய பிறகே பிடிக்கும், 54 பல் இருந்தால் 6.7 டிகிரிக்குள் பிடித்துவிடும். வேரும் கல்லும் நிறைந்த ஏற்றத்தில் பாதிப் பெடல் மிதித்து மிதித்து ஏறுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் காலிலேயே தெரியும்.

ஸ்போக் விஷயத்தில் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். தடிமனான கம்பிதான் வலுவானது, மெலிந்தது உடையும் என்று. நான் கழற்றிய உடைந்த கம்பிகளில் பெரும்பாலானவை முழு நீளமும் 2 மில்லிமீட்டர் உள்ள சாதாரணக் கம்பிகள், உடைந்த இடம் ஹப்போடு சேரும் அந்த வளைவு. சக்கரம் சுற்றும்போது தரையைத் தொடும் பக்கத்துக் கம்பிகள் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகுகின்றன. தடித்த கம்பி நீளாது என்பதால் அந்த அசைவு முழுக்க வளைவில்தான் போய் உட்காரும். இரண்டு முனையும் 2.0, நடுவில் 1.8 அல்லது 1.5 என்று மெலிந்த கம்பி ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு கொடுக்கும், பக்கத்துக் கம்பிகளோடு சுமையைப் பகிர்ந்துகொள்ளும், அதனால் அதிக நாள் வரும். எடையும் குறைவு, ஆயுளும் அதிகம். சேபிம், டிடி ஸ்விஸ் கம்பெனிகள் இரண்டுமே இந்த வகைக் கம்பிகளைச் செய்கின்றன. ஒரே ஒரு நிபந்தனை, கோக்கிறவருக்குக் கை பழகியிருக்க வேண்டும். 1.5 கம்பி நிப்பிளைத் திருகும்போது தானும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கை எடுக்காமல் விட்டால் முதல் பயணத்திலேயே கோட்டம் விழும்.

கம்பி எண்ணிக்கையைக் குறைத்து எடை குறைக்கும் பழக்கம் வேண்டாம் என்பேன். 85 கிலோவுக்குக் கீழே இருப்பவருக்கு 28, மேலே இருப்பவருக்கு 32, இது என் பட்டறைக் கணக்கு. 24 கம்பிச் சக்கரத்தில் ஒரு கம்பி போனாலே ரிம் ஃபிரேமில் உரசி நின்றுவிடலாம், அப்புறம் காட்டோரத்திலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

நிப்பிள் சின்ன விஷயமாகத் தெரியும். 56 நிப்பிளையும் பித்தளையிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றினால் 35 கிராம் குறையும். அந்த 35 கிராமுக்காக, சென்னையிலும் ராமநாதபுரத்திலும் கடற்காற்றில் ஓட்டுகிறவர்களின் சக்கரங்களில் நிப்பிள் பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்துவிட்டேன். கார்பன் ரிம்மும் அலுமினிய நிப்பிளும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் சீக்கிரம். கடற்கரைப் பக்கம் இருப்பவர் யார் கேட்டாலும் நான் பித்தளைதான் போடுகிறேன்.

வாங்குவதற்கு முன் சைக்கிளைத் திருப்பிப் போட்டு அளவு எடுங்கள், இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. ஹப் உட்காரும் இடைவெளி முன் ஃபோர்க்கில் 100 மில்லிமீட்டரா 110ஆ, பின்னால் 135ஆ 142ஆ 148ஆ. 110ம் 148ம் தான் பூஸ்ட் என்பது. பிரேக் டிஸ்க் ஆறு போல்ட்டா, சென்டர் லாக்கா. கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) மாட்டும் ஹப் உடம்பு எந்த வகை: 11 பல்லில் தொடங்கும் பழைய ஷிமானோ கேசட்டுக்கு எச்ஜி, ஸ்ராமின் 10 பல் கேசட்டுக்கு எக்ஸ்டி, ஷிமானோவின் 12 வேக 10 பல் கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன். ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றுக்குப் பொருந்தாது. ரிம்மின் உள் அகலம் 25இலிருந்து 30 மில்லிமீட்டருக்குள் இருந்தால் 2.25, 2.4 டயருக்குச் சரி. கார்பன் வாங்குவதாக இருந்தால் ரிம் ஓரத்தின் தடிப்பைக் கேளுங்கள், கத்தி மாதிரி மெலிந்த ஓரம் டயரை அறுக்கும், அகன்ற ஓரம் காப்பாற்றும். பழைய கார்பன் ரிம்மை வாங்குகிறவர்கள் டயரையும் டேப்பையும் கழற்றி உள்ளே பார்க்காமல் காசு கொடுக்கவே கூடாது.

டயரையும் ரொம்ப மெலிதாகப் போக வேண்டாம். 2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கின் கிராஸ் கன்ட்ரி பந்தயம் எலான்கூர் குன்றில் நடந்தபோது, பெண்கள் பந்தயத்தில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்த நெதர்லாந்தின் பக் பீட்டர்ஸ பஞ்சரால் பதக்கத்தையே இழந்து நான்காவதாக வந்தார். மறுநாள் ஆண்கள் பந்தயத்தில் பிரிட்டனின் டாம் பிட்காக்குக்கும் முன்சக்கரம் பஞ்சர். அரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கி, துரத்திப் பிடித்துத் தங்கம் வென்றார். அவருக்குச் சக்கரம் மாற்ற ஆட்கள் காத்திருந்தார்கள். வால்பாறை எஸ்டேட் பாதையில் உங்களுக்கு யார் நிற்கப் போகிறார்கள்? பக்கச் சுவர் கொஞ்சம் தடித்த டயருக்கு 60, 70 கிராம் கூடுதலாகப் போனால் போகட்டும். நம் வெயிலில் சீலண்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதை ஊற்றிய தேதியை ரிம்மிலேயே எழுதி வையுங்கள்.

அந்தத் தம்பிக்கு வகை 3 அலாய் ரிம், 28 கம்பி, பித்தளை நிப்பிள் போட்டுப் பின்சக்கரம் கோத்துக் கொடுத்தேன். ஹப் பழையதேதான், அதில் குறை இல்லை. உடைந்ததைவிட 140 கிராம் கூடுதல். முன்சக்கரத்திலும் அதே கிராவல் ரிம்தான் இருக்கிறது, அதை மாற்றும் வரை தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். தோள் ஆறிய பிறகு முதல் 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கொண்டுவரச் சொன்னேன். புதுக் கம்பிகள் உட்கார்ந்து இழுவை கொஞ்சம் இறங்கும், அப்போது ஒருமுறை கோட்டம் பார்த்து இறுக்கிவிட்டால் வெகுநாளைக்குத் தொட வேண்டியிருக்காது. எங்கே கோத்த சக்கரமாக இருந்தாலும் அந்த ஒருமுறை பார்ப்பதற்கு நான் காசு வாங்குவதில்லை.