கோலப்பொடி டப்பாவும் தைராய்டு மாத்திரையும்

அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும், அதற்கப்புறம் அரை மணி நேரமாவது காபி கூடாது. அம்மாவும் சரி என்றார். போட வேண்டும் என்று மனதார நினைக்கவும் செய்தார். ஆனால் வாரத்தில் மூன்று நாளாவது, காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவும்போதுதான் "ஐயோ, மாத்திரை!" என்பார். இத்தனைக்கும் பால் கணக்கை ஒரு நாள்கூடத் தப்பவிடாதவர்.

இது அம்மாவுக்கு மட்டும் நேர்வதல்ல. நடைப்பயிற்சி, சேமிப்பு, படிப்பு என்று எதை எடுத்தாலும் நம்மில் பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறோம். உடனே "மன உறுதி போதாது" என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். உளவியல் ஆய்வுகளைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது ஒரு விஷயம். பல நேரங்களில் பழுது மன உறுதியில் இருப்பதில்லை. 'செய்ய வேண்டும்' என்ற எண்ணம், எப்போது எங்கே செய்வது என்று எதனோடும் கட்டப்படாமல் மிதந்துகொண்டிருக்கிறது.

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைத்தான் பிரித்துக் காட்டினார். 'நான் இதைச் செய்வேன்' என்பது இலக்கு எண்ணம். 'இந்த நேரம், இந்த இடம் வந்தால் இதைச் செய்வேன்' என்பது செயலாக்க எண்ணம். அவரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் 1997-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். வீடு முழுக்க உறவினர், விருந்து என்று இருக்கும் நேரம். எழுத உட்காருவதே பெரும்பாடு. அவர்களில் பாதிப் பேரிடம் மட்டும், எப்போது, எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படிக் குறித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் எழுதி அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான்.

பிரிட்டனில் 2002-ல் வெளியான இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். அடுத்த வாரத்தில் ஒரே ஒரு முறை, 20 நிமிடம் உடற்பயிற்சி செய்தால் போதும். எந்த உதவியும் பெறாத குழுவில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். இதய நோயின் ஆபத்தையும் உடற்பயிற்சியின் நன்மையையும் விளக்கிச் சொல்லப்பட்ட குழுவில் 35 சதவீதம். அதே விளக்கத்தோடு நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதிக்கொண்ட குழுவில் 91 சதவீதம்! விளக்கம் மட்டும் கேட்ட குழுவின் அந்த 35-ஐக் கொஞ்சம் பாருங்கள். நாம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வழக்கமாகச் செய்வது இந்த விளக்கம் சொல்லும் வேலையைத்தான்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? அந்தக் காலத்தில் மறக்கக்கூடாத காரியம் இருந்தால் பாட்டிமார் முந்தானையில் முடிச்சு போட்டுக்கொள்வார்கள். முடிச்சு கையில் தட்டுப்பட்டால் விஷயம் ஞாபகத்துக்கு வரும். நினைவு வேலை செய்வதே அப்படித்தான்: தானாகக் கிளம்பாது, வெளியிலிருந்து ஏதாவது ஒன்று தட்டி எழுப்ப வேண்டும். 'இது நடந்தால் அது' என்று முடிவு செய்யும்போது அந்த 'இது' நினைவின் மேல்தட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் அந்தத் தருணம் வந்ததும் சட்டென்று கண்ணில் படுகிறது. அடுத்தது, அந்த நேரத்தில் 'இப்போதா, அப்புறமா' என்று மனதோடு வாதாட வேண்டியதில்லை. தீர்மானம் ஏற்கெனவே, நிதானமான வேளையில், எடுக்கப்பட்டுவிட்டது.

முடிச்சு எவ்வளவு துல்லியமோ அவ்வளவு பலன். அமெரிக்க நிறுவனம் ஒன்றில் ஊழியர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசிக்கான கடிதம் அனுப்பி நடத்திய ஆய்வு 2011-ல் வெளிவந்தது. வெறும் அறிவிப்பு கிடைத்தவர்களில் சுமார் 33 சதவீதம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். தேதியை மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்ன கடிதத்தால் சொல்லும்படி மாற்றமில்லை. தேதியோடு நேரத்தையும் எழுதச் சொன்னபோது 37 சதவீதம். முந்தைய ஆய்வுகளைப் போலப் பெரிய தாவல் இல்லை, உண்மைதான். ஆனால் ஒரு கடிதத்தில் இரண்டு வெற்றுக் கட்டங்களைச் சேர்த்ததற்குக் கிடைத்த பலன் அது.

இலக்கிலும் இதே துல்லியம் வேண்டும். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிகள், சட்டம் அனுமதித்த எடையில் 60 சதவீதம் அளவுக்கே ஏற்றிக்கொண்டிருந்தன. 'முடிந்தவரை ஏற்றுங்கள்' என்பதற்குப் பதிலாக '94 சதவீதம்' என்று ஒரு எண்ணை ஓட்டுநர்கள் முன் வைத்தார்கள். பரிசு, தண்டனை எதுவும் கிடையாது. சில மாதங்களில் 90 சதவீதத்தை எட்டிவிட்டார்கள். உளவியலாளர் கேரி லேதமும் ஜேம்ஸ் பால்டஸும் 1975-ல் எழுதிய ஆய்வு இது. 'முடிந்தவரை' என்பதில் எங்கே நின்றாலும் அதுவே முடிந்தவரைதான்.

எல்லாவற்றையும் இப்படிக் கட்டிவிடலாமா என்றால், அங்கே ஒரு எல்லை உண்டு. ஒரே நேரத்தில் ஐந்தாறு காரியங்களுக்குத் திட்டம் எழுதினால் பலன் மங்கிவிடுகிறது என்று 2012-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அத்தனையையும் வரிசையாகப் பார்த்ததும் மனம் மலைத்துப்போகிறது. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது பழகிய பிறகு அடுத்தது. பழக எத்தனை நாள் ஆகும்? லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 2010-ல் வெளியிட்ட கணக்குப்படி, நடுமதிப்பு 66 நாள்; அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கும் மேல். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு எதுவும் ஏற்படவில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அம்மா தினமும் விடிந்ததும் முதலில் தொடுவது கோலப்பொடி டப்பா. மாத்திரை அட்டையை அந்த மூடியின்மேல் வைத்து ரப்பர் பேண்ட் போட்டோம். அதைக் கழற்றாமல் டப்பா திறக்காது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வாசல் தெளித்து, கோலம் போட்டு, பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சுவதற்குள் அந்த அரை மணியும் ஓடிவிடும். இரண்டு மாதத்தில் நாங்கள் கேட்பதையே விட்டுவிட்டோம்.

அப்புறம் என்னோடு தங்க வந்தார். நான் இருப்பது நான்காவது மாடி, வாசலில் கோலம் கிடையாது. முதல் நான்கு நாளும் மாத்திரை விட்டுப்போனது. ஐந்தாம் நாள் காலையில் அவரே அட்டையைக் கொண்டுபோய், பால்கனியில் துளசிக்கு ஊற்றும் சொம்புக்குள் போட்டு வைத்தார்.