லேப்டாப்பின் விண்டோஸைப் புதிய எஸ்எஸ்டிக்கு மாற்றுவது: எது எதைத் தேடுகிறது?

சி டிரைவில் இருக்கும் எல்லாக் கோப்புகளையும் புதிய எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்தாலும் அதிலிருந்து லேப்டாப் பூட் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரி (அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தளம்) கோப்புகளைப் பூட்டியே வைத்திருக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பூட் ஆவதற்கு வேண்டிய பாதி விஷயங்கள் சி டிரைவிலேயே இல்லை.

பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் உள்ள யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்), தான் குறித்து வைத்திருக்கும் பூட் பதிவைப் பார்க்கிறது. அதில் இருப்பது ஒரு பார்ட்டிஷனின் (டிஸ்க்கின் ஒரு பிரிவு) 128 பிட் அடையாள எண். அந்த எண்ணுள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் 100 எம்பி அளவில் ஃபேட்32 வடிவில் இருக்கும். டிரைவ் எழுத்து இல்லாததால் நம் கண்ணில் படாது. அதற்குள் இருக்கும் பூட் மேனேஜர், பிசிடி என்ற சிறிய தரவுத்தளத்தைப் படித்து விண்டோஸ் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. பிறகு விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும், டிஸ்க்கோடு பேசும் ஸ்டோரேஜ் டிரைவரும் ரேமில் ஏறுகின்றன. அந்த டிரைவர் டிஸ்க்கைப் படிக்க முடிந்தால்தான் மற்றவை நடக்கும். குளோன் செய்வதென்றால் இந்தச் சங்கிலி முழுவதையும் அடையாள எண்கள் உட்பட அப்படியே நகலெடுப்பது. பிழை வந்தால் எந்தக் கண்ணி அறுந்தது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் லேப்டாப்பில் எஸ்எஸ்டியைச் செருகும் ஸ்லாட்டைப் பாருங்கள். எம்.2 வகையில் 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். 2242, 2230 ஆகியவை அதைவிடக் குட்டையானவை. சாட்டா, என்விஎம்இ என்ற இரண்டு இணைப்பு முறைகளுமே எம்.2 வடிவில் வருவதுதான் குழப்பம். சாட்டா நொடிக்குச் சுமார் 550 எம்பியோடு நின்றுவிடும். நான்கு லேன் (தரவுத் தடம்) கொண்ட பிசிஐஇ 3.0 இணைப்பு உள்ள என்விஎம்இ 3,500 எம்பி வரை போகும். சாட்டா மட்டும் ஏற்கும் பழைய ஸ்லாட்டில் என்விஎம்இயைச் செருகினால் பயாஸில் (ஃபர்ம்வேரின் அமைப்புத் திரை) பெயர்கூடத் தெரியாது. லேப்டாப்பின் சர்வீஸ் மேனுவலே இதில் நம்பத்தக்கது.

அடுத்து, பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கை, அதாவது டிஸ்க் தன் நலம் பற்றித் தானே தரும் விவரம். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டுகள்) எண்ணிக்கை பூஜ்யமாக இல்லையென்றால் சாதாரண குளோன் மென்பொருள் நடுவில் நின்றுவிடும். அப்போது முக்கியமான கோப்புகளை முதலில் வெளியே எடுத்துவிட்டு, பழுதான டிஸ்க்குக்கான டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் நகலெடுக்க வேண்டும். டிஸ்க் நலமாக இருந்தால், விண்டோஸின் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஒருமுறை ஓட்டினால் போதும்.

டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் (சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றும்) விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை மறந்துவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய. பல லேப்டாப்களில் டிஸ்க் என்கிரிப்ஷன் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும். சாவியைக் காக்கும் டிபிஎம் சிப், பூட் ஆகும் சூழல் முன்பு போலவே இருந்தால்தான் சாவியைக் கொடுக்கும்; மாறியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதை வேறு இடத்தில் எழுதிவைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். குளோன்ஸில்லா போல பென் டிரைவிலிருந்து பூட் செய்யும் குளோன் கருவிக்கு, என்கிரிப்ட் ஆன பார்ட்டிஷனில் எது தரவு, எது காலியிடம் என்று தெரியாது. முழுவதையும் செக்டர் செக்டராக நகலெடுக்கும். முதலிலேயே டிகிரிப்ட் செய்துவிடுவது என் பரிந்துரை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் கெர்னல் உறக்க நிலையில்தான் சேமிக்கப்படுகிறது. கோப்பு முறைமை சுத்தமாக மூடப்படுவதில்லை.

புதிய எஸ்எஸ்டியை யுஎஸ்பி உறையில் போட்டு இணைக்கலாம். என்விஎம்இக்கான உறையும் சாட்டாவுக்கான உறையும் வெளியே ஒரே மாதிரி இருக்கும், மின்சுற்று வேறு. பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி கொடுத்தால் 200 ஜிபி தரவுக்குச் சுமார் 33 நிமிடம். சிறு கோப்புகள் சிதறிக் கிடந்தால் இன்னும் கூடும். எது மூலம், எது இலக்கு என்பதை மாடல் பெயரையும் அளவையும் வைத்து இருமுறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் அழிவது உங்கள் தரவுதான்.

அதிகம் பேசப்படாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. சில யுஎஸ்பி அடாப்டர்கள் 512 பைட் செக்டர் உள்ள டிஸ்க்கை 4,096 பைட் செக்டர் உள்ளதாகக் கணினிக்குக் காட்டும். எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று சொல்லும் ஜிபிடி அட்டவணையின் தலைப்பு, செக்டர் 1இல் (எண்ணிக்கை 0இலிருந்து தொடங்கும்) எழுதப்படுகிறது. அந்த அடாப்டர் வழியாக எழுதினால் அது 4,096ஆவது பைட்டில் போய் உட்காரும். டிஸ்க்கை லேப்டாப்புக்குள் பொருத்தியதும் ஃபர்ம்வேர் 512ஆவது பைட்டில் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. குளோன் வெற்றி என்று திரை சொல்லியும் டிஸ்க் காலியாகத் தெரிவது இதனால்தான். குளோனுக்கு முன்பே சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் இரண்டு டிஸ்க்குக்கும் செக்டர் அளவைப் பாருங்கள். வேறுபட்டால் அடாப்டரை மாற்றுங்கள்.

பொருத்தும்போது சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கனெக்டரையும் எடுத்துவிட்டு, எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, அழுத்திப் பிடித்து ஸ்க்ரூ போடுங்கள். முதல் பூட்டின்போது பழைய டிஸ்க் இணைந்திருக்கக் கூடாது. இரண்டிலும் ஒரே அடையாள எண்கள் இருப்பதால் ஃபர்ம்வேர் பழையதையே எடுத்துக்கொள்ளலாம். புதியதில் ஓடுவதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

நீலத் திரையில் "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்" என்று வந்தால் அறுந்தது டிரைவர் கண்ணி. இதுவரை சாட்டாவில் ஓடிய விண்டோஸ், என்விஎம்இ டிரைவரைப் பூட் நேரத்திலேயே ஏற்றும் பட்டியலில் வைத்திருக்காது. யுஎஸ்பி உறையில் எஸ்எஸ்டியை இணைத்தபோதும் விண்டோஸ் கண்டது ஒரு யுஎஸ்பி டிஸ்க்கைத்தான். சேஃப் மோடில் ஒருமுறை பூட் செய்தால் அந்த டிரைவரும் ஏறிவிடும். அடுத்த சாதாரண பூட் பெரும்பாலும் சரியாகிவிடும். பயாஸில் ஏஎச்சிஐ, ரெய்டு, விஎம்டி என்ற டிஸ்க் இணைப்பு அமைப்புகளை இடையில் மாற்றினாலும் இதே பிழை வரும், அவற்றைத் தொடாதீர்கள்.

"பூட் டிவைஸ் இல்லை" என்று வந்தால் சிக்கல் இன்னும் முன்னால் இருக்கிறது. விண்டோஸ் இன்ஸ்டாலர் பென் டிரைவிலிருந்து பூட் செய்து கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பார்ட்டிஷன்களைக் கையாளும் டிஸ்க்பார்ட் கட்டளையில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்துக் கொடுத்து, பிசிடிபூட் கட்டளையை இயக்குங்கள். பூட் கோப்புகள், பிசிடி, ஃபர்ம்வேர் பதிவு எல்லாம் புதிதாக எழுதப்படும்.

பெரிய எஸ்எஸ்டிக்கு மாறியும் சி டிரைவ் பெரிதாகவில்லை என்றால் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் நிற்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட், ஒட்டியிருக்கும் காலியிடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். குளோன் செய்யும்போதே அந்தப் பார்ட்டிஷனைக் கடைசிக்கு நகர்த்தும் வசதி சில மென்பொருள்களில் இருக்கிறது.

பழைய டிஸ்க்கைச் சில வாரங்கள் அழிக்காமல் வைத்திருங்கள். பிறகு கைமாற்றுவதானால், ஹார்ட் டிஸ்க்கை ஒருமுறை முழுவதும் மேலெழுதினால் போதும். அது எஸ்எஸ்டியாக இருந்தால் மேலெழுதுவது போதாது: கன்ட்ரோலர் ஒதுக்கி வைத்திருக்கும் உபரி செல்களை அது தொடுவதில்லை. டிஸ்க்கின் சொந்த செக்யூர் எரேஸ் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.