முனை வளைவைச் சுருக்குங்கள்

சந்திப்புகளை வடிவமைக்கும் வேலையில் இருப்பதால் சொல்கிறேன்: நடப்பவரைக் காப்பதில் எச்சரிக்கைப் பலகையைவிட சாலை முனையின் வளைவுக்கு, அதாவது இரு சாலைகள் சேரும் மூலையில் நடைபாதை விளிம்பு வளையும் விதத்துக்கு, பங்கு அதிகம். வளைவின் ஆரம் 12, 15 மீட்டர் என்று தாராளமாக இருந்தால் கார் ஓட்டுபவர் பிரேக்கைத் தொடாமலே திரும்பிவிடுவார். 4, 5 மீட்டராகச் சுருக்கினால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். கடக்க வேண்டிய தூரமும் கூடவே குறையும். "பெரிய லாரி எப்படித் திரும்பும்?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பார்கள். எப்போதாவது வரும் லாரி பக்கத்துத் தடத்தையும் எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பட்டுமே! தேவைப்பட்டால் சக்கரம் ஏறிப் போகும்படி விளிம்பைத் தாழ்வாகக் கட்டலாம்.

வேகத்தில் ஏன் இத்தனை பிடிவாதம்? ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஈரமில்லாத சாலையில் சுமார் 18 மீட்டருக்குள் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வந்தாலோ அந்த ஒன்றரை நொடியிலேயே கிட்டத்தட்ட 21 மீட்டர் ஓடியிருக்கும். முதல் கார் நின்ற இடத்தை இது வேகம் துளியும் குறையாமல் தாண்டும்.

அடுத்து சிக்னல். நான்கு தடச் சாலை என்றால் ஏறக்குறைய 14 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 12 நொடி போதும், 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 17 நொடிக்கு மேல் ஆகும். முன்னவரை வைத்து நேரம் குறித்தால் பின்னவர் நடுச்சாலையில் மாட்டிக்கொள்வார். நேரத்தைக் கூட்டுவதோடு நடுவில் 2 மீட்டர் அகலத்துக்காவது ஒரு திட்டு வேண்டும். சக்கர நாற்காலி அதில் முழுதாக நிற்க வேண்டும் அல்லவா?

நடைமேம்பாலம் எனக்கு ஒவ்வாத விஷயம். வண்டி தடையின்றிப் போகவேண்டி, நடப்பவரை நாற்பது படி ஏறி இறங்கச் சொல்வது அது. ஏற முடியாதவர்கள் கீழேயே குறுக்கே ஓடுவார்கள். பழி அவர்கள்மேல் விழும்.

சைக்கிள் தடத்துக்கு வெறும் வெள்ளைக் கோடு போதாது. கோடு போட்ட மறுநாளே அதில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். உயர்த்திய விளிம்போ தடுப்போ அவசியம்.

தெருவைத் திருத்தி உயிரைக் காப்பது நடக்காத காரியமும் அல்ல. வேகத்தைக் குறைத்து, தெருக்களைத் திருத்திவந்த நார்வே தலைநகர் ஆஸ்லோவில் 2019இல் பாதசாரியோ சைக்கிள் ஓட்டுபவரோ ஒருவர்கூடச் சாலை விபத்தில் இறக்கவில்லை.

செலவு பயமுறுத்தினால் முதலில் பெயின்ட்டும் கூம்புகளும் வைத்து முனையைச் சுருக்கிப் பாருங்கள். சில வாரம் வண்டிகளின் வேகத்தை அளந்துவிட்டு, அதன் பிறகு கான்கிரீட் போடலாம்.