தண்ணீர் பாட்டிலுக்கு இடுப்பளவு பார்ப்பது எப்படி?

பின்சீட்டுக்கு முன்னால் தரையில் போட்டிருந்த ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில், பிரேக் பிடித்ததும் சீட்டுக்கு அடியில் உருண்டு வந்து என் குதிகாலில் இடித்தது. பிரேக் பெடலுக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு அதை எடுத்து கப் ஹோல்டரில் வைக்கப் பார்த்தேன். விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டது, உள்ளே இறங்கவில்லை. அன்றிலிருந்து பாட்டில் வாங்கும்போது எத்தனை லிட்டர் என்று முதலில் பார்ப்பதில்லை. நூலை எடுத்து இடுப்பளவு பார்க்கிறேன்.

355 மில்லி குளிர்பான கேனின் விட்டம் சுமார் 66 மில்லிமீட்டர். கேனும் காகித கப்பும் உட்கார வேண்டும் என்பதால், கப் ஹோல்டர்கள் பெரும்பாலும் 70 முதல் 80 மில்லிமீட்டருக்குள் இருக்கின்றன. ஆகவே 70 முதல் 73 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாட்டில் பெரும்பாலான கார்களில் இறங்கிவிடும். அகன்ற ஒரு லிட்டர் பாட்டில்கள் 90 மில்லிமீட்டர் வரை போகும். எவ்வளவு அழுத்தினாலும் அவை இறங்காது.

விட்டத்தை நேராக அளப்பது சிரமம்; சுற்றளவை அளப்பது எளிது. பாட்டிலின் அடிப்பகுதியைச் சுற்றி நூலைக் கட்டி, அந்த நீளத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். நூல் 22 சென்டிமீட்டர் வந்தால் விட்டம் 70 மில்லிமீட்டர். 23 வந்தால் 73. சரி, ஹோல்டரை எப்படி அளப்பது? கொஞ்சம் கெட்டியான காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி உள்ளே இறக்கிக் கையை விடுங்கள். காகிதம் தானாக விரிந்து சுவரோடு ஒட்டி நிற்கும். ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, வெளியே எடுத்து விரித்து அளந்தால் ஹோல்டரின் சுற்றளவு தெரிந்துவிடும். நிறைய ஹோல்டர்கள் அடியில் குறுகியிருக்கும் என்பதால் காகிதம் அடிவரை இறங்கியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் அடியில் மாட்டும் சிலிக்கோன் உறையும் கணக்கில் சேரும். உறை இல்லாமல் இறங்கிய பாட்டில், உறையோடு சிக்கிக்கொள்ளும்.

விட்டம் முடிவானால் உயரமும் முடிவானதுபோலத்தான். உட்பக்க விட்டம் 7 சென்டிமீட்டர் என்றால், அரை லிட்டர் தண்ணீருக்கு 13 சென்டிமீட்டர் உயரம் வேண்டும்; ஒரு லிட்டருக்கு 26. இரட்டைச் சுவர் பாட்டிலில் சுவர்களும் இடைவெளியும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்வதால் இன்னும் உயரமாகும். சிக்கல் இங்கேதான் வருகிறது. 7 சென்டிமீட்டர் அகலமும் 26 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பாட்டிலைச் சமதளத்தில் சும்மா நிறுத்திவைத்தால், வண்டியின் வேகக் குறைப்பு புவியீர்ப்பு முடுக்கத்தில் 7/26 பங்கை, அதாவது சுமார் 0.27 மடங்கைத் தாண்டியதும் சாய்ந்துவிடும். சிக்னலில் கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடித்தாலே இந்த அளவு வந்துவிடும். காய்ந்த சாலையில் அவசரமாக நிறுத்தும்போது 0.7 மடங்குக்கு மேல் போகும்.

ஹோல்டர் உதவுவது அதன் ஆழத்தால். பாட்டிலின் மேற்பாதி முன்னால் சாயப் பார்க்கும்போது விளிம்பு அதை முன்னாலிருந்து தாங்குகிறது, அடிப்பகுதி பின்சுவரில் முட்டி நிற்கிறது. ஆனால் இடைவெளி அதிகமாக இருந்தால் இந்தப் பிடி தளர்ந்துவிடும். ஆழம் 6 சென்டிமீட்டர், பாட்டிலுக்கும் ஹோல்டருக்கும் விட்டத்தில் 1 சென்டிமீட்டர் வித்தியாசம் என்று வையுங்கள். பாட்டில் ஏறக்குறைய 9 பாகை சாயும். 26 சென்டிமீட்டர் பாட்டிலின் தலை 4 சென்டிமீட்டருக்கு மேல் ஆடும். வித்தியாசம் 3 மில்லிமீட்டர்தான் என்றால் ஆட்டம் சுமார் 1.3 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். கடகடவென்ற சத்தமும் அடங்கும். அடி சிறுத்து மேலே அகன்ற பாட்டில்கள் எல்லா ஹோல்டரிலும் இறங்கும்தான். ஆனால் எடையெல்லாம் மேலே இருப்பதால் வளைவுகளில் அவற்றை நான் நம்புவதில்லை.

தண்ணீர் குறையக் குறைய பாட்டிலின் ஈர்ப்பு மையம் நகர்வது அழகான விஷயம். நிரம்பிய பாட்டிலில் அது நடுவில் இருக்கிறது. குடிக்கக் குடிக்கக் கீழே இறங்குகிறது. காலியானதும் மறுபடி நடுவுக்கே ஏறிவிடுகிறது. அது மிகத் தாழ்ந்திருப்பது, நீர்மட்டமும் அதுவும் ஒரே உயரத்துக்கு வரும் கணத்தில். காலியாக 350 கிராம் எடையுள்ள ஒரு லிட்டர் பாட்டிலுக்கு இது மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிச்சமிருக்கும்போது நடக்கும்.

அப்புறம் வெயில். மூடிய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட சுமார் 22 டிகிரி செல்சியஸ் கூடுவதையும், அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுவதையும் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005இல் அளந்து காட்டினார்கள். ஒற்றைச் சுவர் பாட்டில் சீக்கிரமே சூடாகிவிடும். குளிர்ந்த நீரை ஊற்றினாலோ வெளியே வியர்த்து ஹோல்டரில் குளம் கட்டும். ஜேம்ஸ் டூவார் 1892இல் உருவாக்கிய வெற்றிடக் குடுவையின் வழிவந்த இரட்டைச் சுவர் பாட்டிலில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. வெற்றிடம் கெட்டுவிட்டதா என்று பார்க்க, வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஸ்ட்ரா வைத்த மூடியில் இன்னொரு விஷயம் உண்டு. 25 டிகிரியில் இறுக மூடிய பாட்டில் 55 டிகிரிக்குப் போனால், உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் பத்து சதவீதம் கூடும். நீராவியின் அழுத்தமும் அதோடு சேரும். வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே தண்ணீரை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தள்ளிவிடலாம். அதனால்தான் வெயிலில் நின்ற காரில் ஸ்ட்ராவை நிமிர்த்தியதும் தண்ணீர் முகத்தில் பீச்சியடிக்கிறது. முதலில் மூடியைக் கால் சுற்றுத் திருகிக் காற்றை வெளியே விடுங்கள், அப்புறம் ஸ்ட்ராவை நிமிர்த்துங்கள். இரண்டு கையும் வேண்டிய வேலை இது. வண்டியைக் கிளப்பும் முன்பே முடித்துவிடுங்கள்.