காத்திருக்கும் பிராசசரும் சூடேறும் மதர்போர்டும்

கணினி விளையாட்டின் நடுவே படம் திக்கித் திணறும்போது பலரும் முதலில் கணினியின் மூளையான பிராசசரைத்தான் சந்தேகிக்கிறார்கள். அந்தச் சந்தேகம் சரிதானா என்று பணம் செலவழிக்கும் முன்பே சோதித்துவிடலாம். திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் ஒற்றைப் படமான ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் யார் எங்கே நிற்கிறார்கள், தோட்டா எதில் பட்டது, அடுத்து எதை வரைய வேண்டும் என்பதைப் பிராசசர் முடிவு செய்ய, அதை வரைந்து முடிப்பது கிராபிக்ஸ் கார்டின் வேலை. நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமானால் இருவருக்கும் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி, 144 ஃப்ரேம் என்றால் 6.9 மில்லிநொடிதான். இதில் யார் தாமதமோ, அவருடைய வேகமே விளையாட்டின் வேகம். எனவே விளையாட்டின் அமைப்புகளில் திரைத் தெளிவை 1920×1080-இலிருந்து 1280×720-க்குக் குறைத்துப் பாருங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போன பிறகும் ஃப்ரேம் எண்ணிக்கை நகராமல் நின்றால், கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது, பிராசசர்தான் இழுக்கிறது என்று பொருள். எண்ணிக்கை தாவி உயர்ந்தால், புதிய பிராசசர் வாங்குவது வீண் செலவு.

பிராசசர்தான் காரணம் என்று உறுதியான பிறகு, பெட்டியில் அச்சிட்டிருக்கும் கோர் (தனித்தனியே கணக்கிடும் உட்பகுதி) எண்ணிக்கையையும், கிகாஹெர்ட்ஸில் சொல்லும் துடிப்பு வேகத்தையும் மட்டும் வைத்து முடிவெடுப்பது போதாது. 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசருக்கு ஒரு துடிப்பின் நீளம் 0.2 நானோநொடி. தேவைப்படும் தகவல் ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் இருந்தால் அது வந்து சேர 70, 80 நானோநொடி ஆகும். அதாவது முந்நூற்றைம்பது, நானூறு துடிப்புகள் அந்த வேலை அப்படியே நின்றுபோகிறது. அதே தகவல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் எல்3 கேச் என்ற சிறு நினைவகத்தில் கிடைத்தால் சுமார் 10 நானோநொடியில் வந்துவிடும். வீடியோவைச் சுருக்குவது போன்ற வேலைகளில் அடுத்து எது தேவைப்படும் என்பதை ஊகித்து முன்கூட்டியே எடுத்து வைக்க முடிகிறது. விளையாட்டில் ஆடுபவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது தெரியாததாலும், தகவல்கள் ரேமில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பதாலும் அந்த ஊகம் அடிக்கடி பொய்த்துப்போகிறது.

ஏ.எம்.டி. நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசர், கேச் பெரிதானால் விளையாட்டு வேகமாகும் என்பதைக் கண்கூடாகக் காட்டியது. வழக்கமான 32 எம்.பி. கேச்சின் மீது இன்னொரு 64 எம்.பி. சில்லை அடுக்கி, மொத்தம் 96 எம்.பி. ஆக்கினார்கள். அதன் உச்ச வேகம் சாதாரண 5800எக்ஸைவிடக் குறைவு. ஆனாலும் பல விளையாட்டுகளில் அதை முந்தியது. இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ரைசன் 5 5500, ரைசன் 5 5600 இரண்டுக்கும் ஆறு கோர்கள்தான்; பெயரிலும் பெரிய வேறுபாடில்லை. முன்னதில் கேச் 16 எம்.பி., பின்னதில் 32 எம்.பி. விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் 5600-ஐத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. விளையாட மட்டுமே கணினி என்றால் ஆறு அல்லது எட்டு கோர்களுக்கு மேல் தேவையில்லை.

பிராசசரும் ரேமும் பொருந்தும் பலகையான மதர்போர்டைப் பொறுத்தவரை முதல் கட்டுப்பாடு, பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட். ஏ.எம்.டி.யின் பழைய சாக்கெட்டான ஏ.எம்.4 போர்டு வைத்திருப்பவர்கள், கணினியைத் தொடக்கி வைக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துப் பிராசசரை மட்டும் மாற்றினாலே போதும். அதன் அடுத்த சாக்கெட்டான ஏ.எம்.5-க்குப் போனால் டி.டி.ஆர்.5 என்ற புதிய வகை ரேமும் வாங்கியாக வேண்டும். இன்டெலின் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளுக்கான எல்.ஜி.ஏ.1700 போர்டுகளில் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என இரு வகை உண்டு. ஒன்றின் ரேம் மற்றொன்றில் பொருந்தாது.

ஆனால் கோடை வெப்பத்தில் வாடும் கடலூர், புதுச்சேரி வாசிகள் அதிகம் கவனிக்க வேண்டியது வி.ஆர்.எம். எனப்படும் மின்னழுத்த மாற்றுப் பகுதியை. பவர் சப்ளை தருவது 12 வோல்ட். பிராசசர் கேட்பதோ சுமார் 1.2 வோல்ட். 120 வாட் இழுக்கும் பிராசசருக்கு அந்த அழுத்தத்தில் 100 ஆம்பியர் போக வேண்டும். இதை ஒரே வழியில் அனுப்ப முடியாது என்பதால் பல கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். நான்கு கட்டங்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் 25 ஆம்பியர், எட்டு இருந்தால் 12.5. மின்தடையால் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், கட்டங்கள் இரட்டிக்கும்போது அந்த வகை இழப்பு மொத்தத்தில் பாதியாகிறது. சாக்கெட்டின் இடப்புறமும் மேற்புறமும் வரிசையாக நிற்கும் சிறு கனசதுரங்கள் இந்தக் கட்டங்களின் காயில்கள். அவற்றை ஒட்டியுள்ள சில்லுகளின் மேல், சூட்டை வெளியேற்றும் உலோக ஹீட்சிங்க் இருக்கிறதா என்பதை வாங்கும் முன் படத்திலேயே பார்த்துவிடலாம்.

விமர்சகர்களின் சோதனை அறை பெரும்பாலும் 22, 23 டிகிரியில் இருக்கும். கத்திரி வெயிலில் ஏ.சி. இல்லாத நம் அறை 35-ஐத் தொடும்போது, அவர்கள் அளந்த ஒவ்வொரு வெப்பநிலையோடும் ஏறக்குறைய அந்த 12 டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வி.ஆர்.எம். வரம்பு மீறிச் சூடானால் போர்டு தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசசரின் வேகத்தைக் குறைத்துவிடும். 65 வாட் பிராசசருக்கு ஹீட்சிங்க் இல்லாத மலிவான போர்டு தாங்கும். அதிகம் இழுக்கும் எட்டு கோர் பிராசசரை அதில் பொருத்துவது கோடையில் பாதி விலையை வீணாக்குவதற்குச் சமம்.

தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்பும் ஒரு கணக்கு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், போர்டில் தூசியோடு படிந்த உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து மின்கடத்தும் படலமாகிவிடும். கணினி ஓடும்போது அதன் சூடே ஈரத்தை விலக்குகிறது. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் அணைத்து வைப்பதே ஆபத்து. ஏ.எம்.5, இன்டெல் சாக்கெட்டுகளில் நுண்ணிய தொடுமுனைகள் மதர்போர்டிலேயே இருப்பதால், பிராசசரைப் பொருத்தும் நேரம் வரை பிளாஸ்டிக் மூடியை அகற்றக் கூடாது. வியர்த்த விரலும் அதில் படக் கூடாது.

கடையில் நெடுநாள் இருந்த போர்டில் பழைய பயாஸ் இருந்தால், புதிய பிராசசரை அது அடையாளம் காணாமல் திரை கறுப்பாகவே நிற்கும். பிராசசர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் பொத்தான் பின்புறம் உள்ள போர்டைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைகளை வாங்குவோருக்குப் பயாஸ் புதுப்பிப்பு கட்டாயம்; சில பிராசசர்களைப் பழுதாக்கிய மின்னழுத்தக் கோளாறுக்கான திருத்தம் 2024 ஆகஸ்டு முதல் பயாஸ் வழியாகத்தான் வந்தது. புதுப்பிக்கும் சில நிமிடங்களில் கரண்டு போனால் போர்டே முடங்கிவிடக்கூடும் என்பதால், அந்த வேலையை யு.பி.எஸ். இணைப்பில் வைத்தே செய்ய வேண்டும்.