மெக்கார்த்தியம்: பிறப்பும் பொருளும் தமிழும்

2025 ஜூன் 7 அன்று நியூயார்க்கின் விண்டர் கார்டன் அரங்கில் நடந்த ‘குட் நைட், அண்ட் குட் லக்’ நாடகத்தை சி.என்.என். தொலைக்காட்சி நேரலையாக ஒளிபரப்பியது. சி.பி.எஸ். தொலைக்காட்சியின் செய்தியாளர் எட்வர்ட் மர்ரோவாக நடித்தவர் ஜார்ஜ் குளூனி. மர்ரோ தம் நிகழ்ச்சிகளை முடிக்கும் விடைச்சொல்லே நாடகத்தின் தலைப்பு. அவரை எதிர்கொள்ளும், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியாக எந்த நடிகரும் மேடையேறவில்லை. பழைய படச்சுருள்களில் மெக்கார்த்தியே பேசுகிறார். அந்த மனிதரின் பெயரிலிருந்து கிளைத்த சொல்தான் மெக்கார்த்தியம்.

1950 பிப்ரவரி 9 அன்று மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில், வெளியுறவுத் துறையில் ஊடுருவிய கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தம் கையில் இருப்பதாக மெக்கார்த்தி முழங்கினார். 205 பேர் என்று அவர் சொன்னதாகச் செய்தி வெளியானது. சில நாட்களில் அதே பட்டியல் 57 பேராகச் சுருங்கியது. எண் மாறியதே தவிர, சான்று வரவில்லை.

அடுத்த மாதமே, மார்ச் 29 அன்று, ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழில் ஹெர்பர்ட் பிளாக் ஒரு கருத்துப்படம் வரைந்தார். குடியரசுக் கட்சியின் சின்னமான யானையை அக்கட்சித் தலைவர்கள் இழுத்தும் தள்ளியும் கொண்டுவருகிறார்கள். அது ஏற வேண்டியதோ தார் வாளிகளை அடுக்கிய ஒரு கோபுரம். உச்சியில் இருக்கும் பீப்பாயில் ‘மெக்கார்த்தியம்’ என்ற சொல் எழுதப்பட்டிருக்கிறது. பழி சுமத்துவதற்கு அங்கே தார் பூசுவது உருவகம். நாம் சேற்றை வாரி இறைப்பதாகச் சொல்வோம். வசையாகப் பிறந்த இந்தப் பெயரை மெக்கார்த்தி வெறுக்கவில்லை. 1952இல் தாம் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அதைப் பெருமையோடு சூட்டிக்கொண்டார்.

இச்சொல்லுக்குக் ‘கம்யூனிச எதிர்ப்பு’ என்று பொருள் எழுதுவது பெரும் பிழை. கம்யூனிசத்தை நேர்மையாக எதிர்த்தவர்கள் பலர் மெக்கார்த்தியையும் எதிர்த்தார்கள். சொல்லின் உயிர் கொள்கையில் இல்லை, முறையில் இருக்கிறது: சான்று காட்டாமல் துரோகி என்று பழி சுமத்துவது, தன்னைக் குற்றமற்றவன் என்று மெய்ப்பிக்கும் சுமையைப் பழிக்கு ஆளானவன் தலையிலேயே வைப்பது, அந்த அச்சத்தைக் காட்டி மற்றவர்களின் வாயை அடைப்பது.

இதற்கு மெக்கார்த்தியே நேரில் வர வேண்டும் என்பதில்லை. விமானப் படையின் இருப்புப் பிரிவு அதிகாரி மிலோ ராதுலோவிச் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என முத்திரை குத்தப்பட்டதற்குக் காரணம், அவருடைய தந்தையும் சகோதரியும் கொண்டிருந்ததாகச் சொல்லப்பட்ட அரசியல் தொடர்பு. விசாரணையில் அவருக்கு எதிரான சான்று, பிரிக்கப்படாத உறைக்குள்ளேயே இருந்தது. படிக்கப் படிக்க நெஞ்சு கொதிக்கும் செய்தி இது. 1953 அக்டோபரில் மர்ரோ இதை ‘சீ இட் நவ்’ நிகழ்ச்சியில் காட்டினார். அடுத்த மாதம் விமானப் படை தன் முடிவைக் கைவிட்டது.

1954 மார்ச் 9 அன்று, மெக்கார்த்தியின் சொந்தப் பேச்சுகளையே தொகுத்து அவருக்கு எதிராக நிறுத்தினார் மர்ரோ. மாற்றுக்கருத்தைத் துரோகமாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது, குற்றச்சாட்டு சான்றாகாது என்று அவர் அன்று சொன்னது, இச்சொல்லுக்கு எந்த அகராதியும் தராத எதிர்ச்சொல் விளக்கம். அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று செனட் சபை 67க்கு 22 என்ற வாக்கில் மெக்கார்த்தியைக் கண்டித்தது.

தமிழில் எப்படி எழுதலாம்? ‘மெக்கார்த்தியிசம்’ என்ற ஒலிபெயர்ப்பைவிட ‘மெக்கார்த்தியம்’ பொருத்தமானது. காந்தியம், மார்க்சியம் போன்றவை ஏற்கெனவே வேரூன்றிய வடிவங்கள். பெயரடையாக ‘மெக்கார்த்திய’ என்று வரும். பெயர் அறியாத வாசகருக்குப் பொருள்பெயர்ப்பும் தேவை. ‘புறங்கூறல்’ ஒத்துவராது, அது முதுகுக்குப் பின்னால் நடப்பது, இதுவோ மேடையேறி நடந்தது. ‘அவதூறு’ தனிமனிதரோடு நின்றுவிடுகிறது, அதிகாரத்தின் கை அதில் தெரிவதில்லை. என் தேர்வு ‘துரோகப்பழி அரசியல்’. முதல் முறை வரும்போது இரண்டையும் சேர்த்து, ‘மெக்கார்த்தியம் என்னும் துரோகப்பழி அரசியல்’ என்று எழுதிவிட்டால், அதன்பின் எதையும் தனியே ஆளலாம்.